விடுமுறைத் தங்குமிட மோசடி: அனுப்பும் முன் கேளுங்கள், இழந்தால் உடனே சொல்லுங்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், அனல்மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இக்கூட்டத்தில் என்னைப் பேசுமாறு செயலாளர் அவர்கள் அழைத்தபோது முதலில் தயங்கினேன். நான் மார்க்க அறிஞன் அல்லன். காவல்துறை அதிகாரியும் அல்லன். கணினி படித்தவனும் அல்லன். ஏமாற்றப்பட்டவன் என்ற ஒரே தகுதியில்தான் இங்கே நிற்கிறேன். பட்டவன் சொன்னால் கேட்பவர் மனத்தில் நிற்கும் என்று செயலாளர் கூறினார். அது சரியென்று பட்டதால் ஒப்புக்கொண்டேன்.

கோடை விடுமுறை நெருங்குகிறது. வளைகுடா நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் பேரக்குழந்தைகளோடு ஊருக்கு வருவார்கள். ஏற்காடு, உதகை, கொடைக்கானல் என்று எங்காவது போய் வரலாம் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழும். தங்குவதற்கு ஒரு வீடோ அறையோ கைபேசியில் தேடுவோம். அந்தத் தேடலில்தான் இன்று பலருடைய பணம் பறிபோகிறது. ஆகவே அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நெய்வேலிவாசிகளின் பலவீனம்

நம்மூருக்கே உரிய ஒரு பலவீனத்தை முதலில் சொல்ல வேண்டும். 1956 ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தோன்றியது முதல் இந்த நகரியத்தில் குடியிருப்புகளை நிறுவனமே கட்டியது, நிறுவனமே ஒதுக்கியது. வேலைக்குச் சேர்ந்தோம், வரிசைப்படி குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எந்த வட்டம், எந்த வீடு என்று காகிதத்தில் எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தார்கள். வீட்டு உரிமையாளரோடு பேரம் பேசவில்லை. தரகருக்குக் கமிஷன் கொடுக்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு இரசீதுக்காக அலையவில்லை. ஒருவர் வீடு என்று சொன்னால் அங்கே வீடு இருக்கும் என்று நம்பியே நம்மில் பலர் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். சென்னையிலோ திருச்சியிலோ வாடகை வீட்டில் வாழ்ந்தவனுக்கு இயல்பாகவே வரும் சந்தேகம் நமக்கு வருவதில்லை. நேர்மையான ஏற்பாட்டில் வாழ்ந்ததன் பயன் அது. ஆனால் மோசடிக்காரன் முன்னால் அதுவே நம் பலவீனமாகிவிடுகிறது.

எனக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். மகளும் மருமகனும் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். பெரியவர்களும் சிறியவர்களுமாக ஏழு பேர். கொடைக்கானலில் மூன்று இரவுகள் தங்க எண்ணினோம். தெரிந்த விடுதிகளில் எல்லாம் இடமில்லை என்றார்கள். இருந்த இடங்களில் ஒரு நாளைக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் கேட்டார்கள். அந்த நேரத்தில் முகநூலில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மூன்று அறைகள் கொண்ட முழு வீடு, சமையலறை வசதியுடன், ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில், நாள் ஒன்றுக்கு 3,500 ரூபாய். படங்களைப் பார்த்தால் கண்ணைப் பறித்தன.

வாட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டேன். பேசியவர் மிகுந்த மரியாதையோடு பேசினார். என் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்திருப்பார் போலும். முதல் வார்த்தையே ஸலாம். "பாய், உங்களைப் போன்ற குடும்பத்தார் வந்தால்தான் எங்களுக்கும் நிம்மதி. சமையல் நீங்களே செய்து கொள்ளலாம், தொழுவதற்குத் தனி அறை இருக்கிறது" என்றார். அந்த ஒரு பேச்சில் என் சந்தேகம் அனைத்தும் கரைந்துவிட்டது.

முதலில் ஒரு நாள் வாடகையான 3,500 ரூபாயை முன்பணமாகக் கேட்டார், அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மீண்டும் அழைத்தார். "வேறொரு குடும்பம் முழுப் பணத்தோடு நிற்கிறது, நீங்களும் முழுவதையும் செலுத்திவிட்டால் உங்களுக்கே உறுதி செய்துவிடுவேன்" என்றார். மீதி 7,000 ரூபாயையும் அனுப்பினேன். மறுநாள், வீட்டுப் பொருள்களுக்கான வைப்புத் தொகை 8,000 ரூபாய் என்றும், காலி செய்யும்போது அப்படியே திருப்பித் தரப்படும் என்றும் சொன்னார். அதையும் அனுப்பினேன். ஆக மொத்தம் 18,500 ரூபாய். வீட்டில் எவரிடமும் கலந்து பேசவில்லை. மலிவாக முடித்துவிட்ட பெருமையை நான் ஒருவனே அனுபவித்துக் கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் இரயில் ஏறி, கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, வேன் பிடித்து மலையேறினோம். கொடுக்கப்பட்ட முகவரியைச் சேரும்போது இருட்டிவிட்டது. படத்தில் இருந்த அதே வீடு எதிரே நின்றது. அதே வாயில், அதே தோட்டம். அழைப்பு மணியை அழுத்தியதும் காவலாளி ஒருவர் வந்தார். எங்களையும் மூட்டை முடிச்சுகளையும் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. "ஐயா, இந்த வீட்டை வாடகைக்கு விடுவதே இல்லை. முதலாளி வெளியூரில் இருக்கிறார். இந்த மாதத்தில் இப்படி வந்து நிற்கும் மூன்றாவது குடும்பம் நீங்கள்" என்றார். கைபேசியில் அந்த எண்ணை அழைத்தேன்; தொடர்பு கிடைக்கவில்லை.

குளிரில் குழந்தைகள் நடுங்கிக் கொண்டிருந்தார்கள். என் மகள் ஒரு வார்த்தையும் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "பரவாயில்லை அத்தா, முதலில் பிள்ளைகளுக்கு ஓர் இடம் பார்ப்போம்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வேதனை இருந்திருக்காது. அருகில் இருந்த தேநீர்க் கடைக்காரர் வழி சொல்ல, அவ்வூர்ப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். அங்கிருந்த சகோதரர் ஒருவர் அரை மணி நேரத்தில் தமக்குத் தெரிந்த விடுதியில் இரண்டு அறைகளை ஏற்பாடு செய்து கொடுத்தார். அவரிடம் அந்த முகவரியைச் சொன்னபோது, "அந்த வீடா? அதில் எவரும் தங்குவதில்லையே" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பணத்தை அனுப்புவதற்கு முன் அந்த ஊரில் ஒருவரிடம், ஒரே ஒரு நிமிடம், தொலைபேசியில் கேட்டிருந்தால் இந்த உண்மை தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அத்துடன் இரண்டாவது தவற்றையும் செய்தேன். வெட்கத்தால் ஐந்து நாட்கள் எவரிடமும் புகார் செய்யவில்லை. ஊர் திரும்பிய பிறகு வங்கிக்குச் சென்றபோது, அந்தக் கணக்குக்குப் போன பணம் அன்றைய தினமே வேறு கணக்குகளுக்கு மாற்றப்பட்டு எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள். நான் இன்று சொல்ல வந்த செய்தி முழுவதும் இவ்விரண்டு தவறுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அனுப்பும் முன் ஒருவரிடம் கேளுங்கள். இழந்துவிட்டால் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள்.

இது தனியொருவரின் கதை அன்று

நான் மட்டும்தான் ஏமாந்தேன் என்று வெகு நாட்கள் எண்ணியிருந்தேன். பிறகு படித்தறிந்தபோதுதான் இதன் பரப்பு விளங்கியது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், 2025 ஏப்ரல் மாதத்தில் நாடு முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. புனிதப் பயணிகளையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைத்துப் போலி இணையதளங்கள், முகநூல் பக்கங்கள், வாட்ஸ்அப் கணக்குகள், தேடுபொறிகளில் கட்டணம் செலுத்தி இடப்படும் விளம்பரங்கள் வாயிலாக மோசடி நடக்கிறது என்று அது கூறியது. கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணச்சீட்டு, யாத்திரிகர் விடுதி அறைகள், வாடகைக் கார், சுற்றுலாத் தொகுப்புகள் ஆகியவற்றை அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. குஜராத்தில் உள்ள சோமநாதர் ஆலயத்தின் விருந்தினர் இல்லத்துக்கு அதன் அறக்கட்டளையின் சொந்தத் தளத்தில் மட்டுமே பதிவு செய்யுமாறும் அறிவுறுத்தியது. மோசடிக்காரன் மதம் பார்ப்பதில்லை. பக்தியோடு புறப்படுகிறவரிடம் பக்தியைப் பேசுவான். ஸலாம் சொல்கிறவரிடம் ஸலாம் சொல்வான்.

உண்மையான தங்குமிட நிறுவனங்களின் பெயரும் இதற்குப் பயன்படுகிறது. புக்கிங் டாட் காம் நிறுவனத்தின் பெயரால் போலி மின்னஞ்சல்களை அனுப்பி, விடுதி ஊழியர்களின் கடவுச்சொற்களைத் திருடும் கூட்டத்தைப் பற்றி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் அறிவித்தது. தெற்காசிய விடுதிகளும் அதில் குறிவைக்கப்பட்டிருந்தன. விடுதியின் கடவுச்சொல் திருடனின் கைக்குப் போய்விட்டால், நீங்கள் முறையாகப் பதிவு செய்த அறையின் விவரமும் அவனுக்குத் தெரிந்துவிடும். உங்கள் பெயர், வரும் தேதி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, "உங்கள் அட்டை சரிபார்ப்பு தோல்வியடைந்துவிட்டது, இன்றே இந்த இணைப்பில் மீண்டும் விவரம் தாருங்கள், இல்லையேல் பதிவு ரத்தாகும்" என்று செய்தி அனுப்புவான். விவரம் சரியாக இருப்பதாலேயே செய்தி உண்மை என்று கொள்ளலாகாது. விடுதியின் எண்ணை நாமே தனியாகத் தேடி எடுத்து, அழைத்துக் கேட்க வேண்டும்.

பணம் அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

அனல்மின் நிலையத்தில் பணியாற்றியவர்களுக்கு ஒரு நடைமுறை நன்கு தெரியும். ஓர் இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தொடும் முன் பெர்மிட் வாங்க வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று இன்னொருவர் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், "எனக்குத் தெரியும்" என்று கை வைக்க அனுமதி கிடையாது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சிகளை வைத்துக் கொள்வதையும் பற்றியது என்பதை இமாம் அவர்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். எழுத்தும் சாட்சியும் இல்லாமல், ஒரு கைபேசியின் முன் தனியாக அமர்ந்து நாம் பணம் அனுப்புகிறோம். ஆகவே, அந்தப் பெர்மிட்டைப் போலப் பின்வரும் சோதனைகளை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

முதலாவது, விலையைப் பாருங்கள். அதே ஊரில், அதே நாட்களில், அதே அளவு இடத்துக்கு மற்றவர்கள் கேட்பதில் பாதிக்கும் குறைவாக ஒருவர் கேட்டால், அது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று எண்ணாதீர்கள். அது தூண்டிலில் கோத்த புழு.

இரண்டாவது, படத்தைச் சோதியுங்கள். கூகுள் லென்ஸ் என்னும் வசதியில் அந்தப் படத்தைக் கொடுத்தால், அதே படம் வேறு எங்கெங்கு வெளியாகியிருக்கிறது என்று காட்டும். ஒரே வீடு வேறு பெயரில், வேறு ஊரில் காணப்பட்டால் அங்கேயே நிறுத்திக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதை ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

மூன்றாவது, வீட்டை நேரலையில் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் காணொலி அழைப்பில், தெருவிலிருந்து தொடங்கி வாயில், கூடம், அறை என்று நடந்து காட்டச் சொல்லுங்கள். முன்பே எடுத்த காணொலியை அனுப்புவது இதற்கு ஈடாகாது. உண்மையான உரிமையாளர் அன்று இயலாவிட்டாலும் மறுநாள் காட்டுவார். மோசடிக்காரனோ சமிக்ஞை இல்லை, சாவி இல்லை என்று காரணம் சொல்லிக் கொண்டே பணத்தை மட்டும் அவசரப்படுத்துவான்.

நான்காவது, இணையதளத்தின் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். புகழ்பெற்ற விடுதியின் பெயரோடு ஒரு கோடோ ஒரு சொல்லோ சேர்த்துப் போலித் தளம் அமைப்பது எளிது. முகவரிக்கு அருகில் பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் தளம் நேர்மையானது என்று ஆகாது. நாம் அனுப்பும் தகவலை இடையில் பிறர் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். திருடனும் தன் கடைக்குப் பூட்டுப் போடலாம் அல்லவா? தேடும்போது முதலில் வருவது பல நேரங்களில் பணம் கட்டி இடப்பட்ட விளம்பரமே. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகளில் தங்குவதாக இருந்தால், கழகத்தின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். அது பதினைந்து எழுத்துகளும் எண்களும் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்த தொழிலாக இருந்தால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி அரசுத் தளத்தில் அதை இட்டால் எந்தப் பெயரில், எந்த முகவரியில் பதிவாகியுள்ளது என்பது இலவசமாகத் தெரியும். சிறிய வீடுகளை வாடகைக்கு விடுவோர் பதிவு செய்யாமலும் இருக்கலாம். ஆகவே எண் இல்லாததே குற்றமன்று. ஆனால் ஜிஎஸ்டி என்று சொல்லிப் பணம் கேட்டுவிட்டு, எண்ணைக் கேட்டால் மழுப்புகிறவர் நம்பத் தகுந்தவர் அல்லர்.

ஆறாவது, பணம் பெறுபவரின் பெயரைப் பாருங்கள். யுபிஐயில் பணம் அனுப்பும்போது, வங்கியில் பதிவான உண்மைப் பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்ற விதி 2025 ஜூன் இறுதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. விடுதியின் பெயர் ஒன்றாகவும் திரையில் தோன்றும் பெயர் முற்றிலும் வேறாகவும் இருந்தால் நிறுத்திவிட்டு விளக்கம் கேளுங்கள். "என் தம்பியின் கணக்கு", "கணக்காளரின் கணக்கு" என்ற விடைகளை ஏற்காதீர்கள்.

ஏழாவது, தளத்துக்கு வெளியே பணம் செலுத்தாதீர்கள். ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வாடகையைத் தாங்கள் வாங்கி வைத்துக் கொண்டு, விருந்தினர் வந்து சேர வேண்டிய நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் கழித்தே வீட்டுக்காரருக்கு விடுவிக்கின்றன. நமக்கு அது ஒரு பாதுகாப்பு. "தளத்தின் கமிஷனை மிச்சப்படுத்தலாம், எனக்கு நேரடியாக அனுப்புங்கள், ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொள்கிறேன்" என்று ஒருவர் அழைத்தால், அந்தப் பாதுகாப்பை ஆயிரம் ரூபாய்க்கு நாம் விற்றுவிடுகிறோம். யுபிஐயில் அனுப்பிய பணத்தை அனுப்பியவர் தாமே திரும்ப இழுத்துக் கொள்ள இயலாது. கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பவாவது வழியுண்டு. இயன்றவரை, வந்து வீட்டைப் பார்த்த பின் செலுத்தும் ஏற்பாட்டையே நாடுங்கள்.

எட்டாவதும் முதன்மையானதுமான சோதனை, அவ்வூரில் ஒருவரிடம் கேட்பது. உதகையிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன, கடைக்காரர்கள் இருக்கிறார்கள், நம்மோடு பணியாற்றியவர்களின் உறவினர்கள் இருக்கிறார்கள். முகவரியைச் சொல்லி, "அங்கே அப்படி ஒரு வீடு வாடகைக்கு விடப்படுகிறதா?" என்று கேட்பதில் எவருக்கும் இழிவில்லை.

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்படி, 2024 மே 7 முதல் அங்கு செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. அரசுத் தளத்தில் பெறும் அந்த இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. "அறையோடு இ-பாஸும் எடுத்துத் தருகிறேன், ஆளுக்கு இவ்வளவு கட்டணம்" என்று எவரேனும் கேட்டால், அவருடைய நேர்மையை அதிலேயே அளந்து கொள்ளலாம்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்பவன்

முதலில் வாங்கியதோடு இவர்கள் நிற்பதில்லை. அறை இல்லை என்று நாம் சண்டையிட்டால், "மன்னித்துக் கொள்ளுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்; இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் பின் எண்ணை இடுங்கள்" என்பார்கள். நினைவில் வையுங்கள்: பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. யுபிஐ பின் எண்ணை இட்டால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும், உள்ளே வராது. நம் வீட்டுப் பெண்களும் முதியவர்களும் இந்த ஒன்றை மட்டுமாவது மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டுகிறேன். அதுபோலவே, அறைப் பதிவின் உறுதிச்சீட்டு என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் அதைத் திறக்காதீர்கள். அது சீட்டு அன்று; கைபேசிக்குள் நிறுவப்படும் செயலி. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்களை அது திருடிக் கொடுத்துவிடக் கூடும்.

உம்ரா செல்வோருக்கும் இது பொருந்தும். "ஹரமுக்கு மிக அருகில் அறை" என்று வாயால் சொல்வார்கள். அங்கே போனால் வாகனத்தில் செல்ல வேண்டிய தொலைவில் அறை இருக்கும். ஒப்பந்தத்தைப் பார்த்தால், "குறிப்பிட்ட விடுதி அல்லது அதற்கு இணையானது" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மக்காவிலும் மதீனாவிலும் தங்கப் போகும் விடுதியின் பெயர், முகவரி, பதிவு எண், தங்கும் இரவுகள், ஓர் அறைக்கு எத்தனை பேர் ஆகியவற்றை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கொடுங்கள். புறப்படும் முன் அந்த விடுதியைத் தொடர்பு கொண்டு, உங்கள் பெயரில் பதிவு உண்டா என்று கேளுங்கள். ஹஜ் பயணமாயின் இந்திய ஹஜ் கமிட்டி வாயிலாகவோ, சிறுபான்மையினர் நல அமைச்சகத்தில் பதிவு பெற்ற அமைப்பாளர்கள் வாயிலாகவோ மட்டுமே செல்லுங்கள்.

இழந்துவிட்டால்

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால், செய்ய வேண்டிய முதல் செயல் 1930 என்ற எண்ணை அழைப்பது. 2021 ஆம் ஆண்டில் வேறோர் எண்ணில் தொடங்கிப் பின்னர் 1930 ஆக மாற்றப்பட்ட நாடு தழுவிய உதவி எண் இது. பணம் அனுப்பிய நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர், பெற்றவரின் யுபிஐ முகவரி அல்லது கணக்கு எண், பரிவர்த்தனையின் யுடிஆர் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். யுபிஐயில் அது பன்னிரண்டு இலக்க எண். உங்கள் செயலியிலேயே காணப்படும். அந்த விவரம் உடனே வங்கிகளுக்குப் போகிறது. பணம் இன்னும் ஏதேனும் ஒரு கணக்கில் தங்கியிருந்தால் அதை முடக்கி வைக்க வழியுண்டு. மோசடிக்காரர்கள் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பணத்தை நிமிடங்களில் மாற்றிவிடுகிறார்கள். ஆகவே முதல் ஒரு மணி நேரமே பொன்னான நேரம். நான் தவறவிட்டதும் அதைத்தான்.

அதன் பின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்னும் அரசுத் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்து, எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். கடலூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தையும் அணுகலாம். உரையாடல்களை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். விளம்பரம், தொலைபேசி எண், பேச்சுப் பதிவு, பணம் அனுப்பிய ஆதாரம் ஆகிய அனைத்தையும் படமெடுத்து வையுங்கள், அவையே சாட்சிகள்.

சட்டம் இதைச் சிறு குற்றமாகக் கருதவில்லை. கணினி, கைபேசி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்று ஆண்டுகள் வரை சிறையும், ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318 ஆம் பிரிவு, ஏமாற்றிப் பொருளைப் பறிப்போருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. ஆயினும் வங்கியே இழப்பை ஈடு செய்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் பாதுகாப்புச் சுற்றறிக்கை, நம் அனுமதியின்றிப் பிறர் எடுத்த பணத்தைப் பற்றியது. நாமே நம் கையால் பின் எண்ணை இட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பைக் கோருவது கடினம்.

இன்னொரு வேறுபாட்டையும் அறிந்து கொள்வது நல்லது. வீடு உண்மையில் இருந்து, சொன்ன வசதிகள் இல்லாமல் போனால் அது சேவைக் குறைபாடு. அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ நாடலாம். வீடே இல்லையென்றால் அது மோசடி, அதற்கு 1930.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

நான் அனுப்பிய 18,500 ரூபாய் போய்ச் சேர்ந்த கணக்கு மோசடிக்காரனுடையதாக இருந்திருக்காது என்று பின்னர் அறிந்தேன். கமிஷன் தருகிறோம் என்று சொல்லி, வேலையில்லாத இளைஞர்களின் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம் அட்டையையும் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். நம் பிள்ளைகள் எவரும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தங்கள் கணக்கைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. யாரோ ஒரு குடும்பம் இருட்டில் பூட்டிய வாயிலின் முன் குழந்தைகளோடு நிற்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணமாகிவிடும்.

நிறைவாக, நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முன் சில வாரங்கள், ஜும்ஆவுக்குப் பின் நம் இளைஞர்கள் இருவர் அமர்ந்து, தங்குமிடம் பதிவு செய்ய விரும்பும் பெரியவர்களுக்கு மேற்சொன்ன சோதனைகளைச் செய்து கொடுக்க வேண்டும். மலைவாழிடங்களிலும் பிற சுற்றுலா ஊர்களிலும் உள்ள ஜமாஅத்துகளோடு தொடர்பு ஏற்படுத்தி, கேட்டால் விவரம் சொல்லக் கூடியவர்களை அறிந்து வைத்துக் கொள்ள வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

சகோதரர்களே, தாய்மார்களே! மோசடிக்காரனுக்கு இரண்டு முறை நம் தனிமை தேவைப்படுகிறது. பணம் அனுப்பும்போது நாம் எவரிடமும் கேட்காமல் இருக்க வேண்டும்; இழந்த பிறகு எவரிடமும் சொல்லாமல் இருக்க வேண்டும். ஜமாஅத் என்ற சொல்லின் பொருளே கூட்டம் என்பதுதான். ஏமாந்தவரைப் பார்த்து, "படித்தவர், இப்படி ஏமாந்தாரே" என்று நகைக்காதீர்கள். அந்த நகைப்புக்கு அஞ்சித்தான் நான் ஐந்து நாட்கள் வாய் மூடியிருந்தேன். இனி நம்மில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், அவர் ஐந்து நிமிடங்களுக்குள் நம்மிடம் வந்து சொல்லக் கூடிய நிலையை உண்டாக்குவோம். என் 18,500 ரூபாய் திரும்பவில்லை. இதைக் கேட்ட ஒரு குடும்பத்தின் பணமேனும் காக்கப்பட்டால் அதுவே எனக்குப் போதும்.